பழைய புல்டோசர் வாங்கப் போகிறீர்களா? பெயிண்டைப் பார்க்காதீர்கள், பல்லைப் பாருங்கள்!

மாட்டுச் சந்தையில் மாடு வாங்குகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா?

அவர் மாட்டின் கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்ப்பது இல்லை. கழுத்தில் கட்டிய சலங்கையைப் பார்ப்பது இல்லை. நேராக வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். எத்தனை பல் விழுந்து முளைத்திருக்கிறது என்று எண்ணுகிறார். அதை வைத்தே வயதைச் சொல்லிவிடுகிறார். பிறகு குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார். நாலு அடி நடக்க விட்டுப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிறார்.

ஒரு மாட்டுக்கே இவ்வளவு சோதனை! பல லட்சம் ரூபாய் கொடுத்துப் பழைய புல்டோசர் வாங்குகிறவர் இதில் பாதியாவது செய்ய வேண்டாமா?

செய்யாதவர்கள் உண்டு. புது மஞ்சள் பெயிண்டு பளபளக்கும். சாவியைத் திருப்பினால் என்ஜின் உறுமும். "அருமையான வண்டி, விட்டால் கிடைக்காது" என்று தரகர் சொல்லுவார். அட்வான்ஸ் கைமாறிவிடும். மூன்று மாதம் கழித்து வண்டி காட்டில் படுத்துக்கொள்ளும். ஆனால், வாங்கிய கடனுக்கு வட்டி படுக்காது. அது இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும்!

இது எந்திரத் தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் உள்ள விஷயம் அல்ல. ஒரு குடும்பம் புல்டோசர் வாங்குகிறது என்றால், அந்த வீட்டுப் பெண்களின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அண்ணன், தம்பிக்குப் பொதுவான நிலத்தின் பத்திரம் பாங்கிக்குப் போகிறது. ஆகவே, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

மஞ்சள் வண்டி எல்லாம் புல்டோசர் அல்ல

மண் வேலை செய்யும் மஞ்சள் வண்டி எதுவானாலும் "ஜே.சி.பி. வந்திருக்கிறது" என்று சொல்லுவது நம் ஊர் வழக்கம். ஜே.சி.பி. என்பது ஒரு கம்பெனியின் பெயர். நாம் அடிக்கடி பார்க்கும் அந்த வண்டி ரப்பர் டயரில் ஓடும். முன்னால் அள்ளும் வாளி இருக்கும். பின்னால் தோண்டும் கை இருக்கும்.

புல்டோசர் வேறு. சாதாரணமாக அதற்கு டயர் கிடையாது. இரண்டு பக்கமும் கனமான இரும்புச் செயின். முன்னால் அகலமான இரும்புத் தகடு. இதற்குப் பிளேடு என்று பெயர். பிளேடை இறக்கி, மண்ணைத் தள்ளிக்கொண்டே போவதுதான் புல்டோசரின் வேலை. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும். கரம்பைத் திருத்தி வயலாக்கும். சாலைக்கு வழி போடும். நடுத்தரமான ஒரு புல்டோசரின் எடை 15 முதல் 20 டன் வரை இருக்கும்.

சக்கரம் புதைந்தது, செயின் பிறந்தது!

இந்தச் செயின் வந்த கதை சுவையானது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டாக்டன் என்று ஓர் ஊர். அங்கே பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் நீராவி டிராக்டர்கள் செய்து வந்தார். அந்தப் பக்கத்து மண் பஞ்சு போல மிருதுவானது. கனமான டிராக்டர் வயலில் இறங்கியதும் சக்கரம் புதைந்துவிடும். சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள். அப்போதும் புதைந்தது.

கடைசியில் ஹோல்ட் பின்சக்கரங்களையே கழற்றிவிட்டார்! அந்த இடத்தில் மரக்கட்டைகள் பதித்த செயினை மாட்டினார். 1904-ம் ஆண்டு நவம்பர் மாதம் 24-ந் தேதி அதை ஓட்டிப் பார்த்தார். வண்டி புதையவில்லை. எடை முழுவதும் செயினின் நீளத்துக்குப் பரவிவிட்டது. இதுதான் ரகசியம்.

1923-ம் ஆண்டு அதே அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தில், ஜேம்ஸ் கம்மிங்ஸ் என்ற விவசாயியும் ஏர்ல் மெக்லியோட் என்ற வரைபடக்காரரும் சேர்ந்து டிராக்டரின் முன்னால் ஒரு பிளேடைப் பொருத்தினார்கள். எண்ணெய்க் குழாய் புதைத்த பள்ளங்களை மூடுவதற்காக அதைச் செய்தார்கள். 1925-ம் ஆண்டு அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அதே 1925-ல் ஹோல்ட் கம்பெனியும், போட்டியாக இருந்த பெஸ்ட் கம்பெனியும் ஒன்றாகச் சேர்ந்தன. அப்படிப் பிறந்ததுதான் இன்று உலகம் முழுவதும் தெரிந்த கேட்டர்பில்லர் கம்பெனி. கேட்டர்பில்லர் என்றால் கம்பளிப்புழு என்று பொருள்! செயின் ஊர்ந்து போவதைப் பார்த்தால் இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

நம் நாட்டிலும் புல்டோசர் செய்கிறார்கள். மத்திய அரசின் பி.இ.எம்.எல். நிறுவனம் 1964-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் கோலார் தங்கவயல் தொழிற்சாலையில் புல்டோசர்கள் உருவாகின்றன.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் உண்டு. புல்டோசர் பிறந்ததே செயினால்தான். அது நொடித்துப்போவதும் பெரும்பாலும் செயினால்தான்!

வாங்கத்தான் வேண்டுமா?

முதலில் இந்தக் கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்த நிலத்தைச் சமன் செய்வது மட்டும்தான் வேலை என்றால் புல்டோசர் வாங்க வேண்டியது இல்லை. தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்குப் புல்டோசரை மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. வேலை முடிந்ததும் வண்டி போய்விடும். ரிப்பேர் கவலை உங்களுக்கு இல்லை.

வருஷம் முழுவதும் வேலை கிடைக்கும், அதைத் தொழிலாகவே செய்யப் போகிறோம் என்கிறவர்கள் மட்டும் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

பழைய வண்டிகள் எங்கே கிடைக்கும்? வேலை முடித்த காண்டிராக்டர்கள் விற்பார்கள். தவணை கட்டாத வண்டிகளைப் பிடித்த நிதிக் கம்பெனிகள் விற்கும். சுரங்கங்களிலும் அரசுத் துறைகளிலும் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் ஒரு நிபந்தனை போடுவார்கள்: "எங்கே, எப்படி இருக்கிறதோ, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்." இதன் அர்த்தம் என்ன? எடுத்த பிறகு குறை சொல்லக் கூடாது! ஆகவே, குறையை எடுப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும்.

போவதற்கு முன் 2 வேண்டுகோள்

வண்டியைப் பார்க்கப் போகிறோம் என்று விற்கிறவருக்குச் சொல்லும்போதே 2 வேண்டுகோள் விடுங்கள்.

ஒன்று: "வண்டியைக் கழுவி வையுங்கள்." சேறு பல விரிசல்களை மறைத்துவிடும். "கழுவிவிட்டால் எண்ணெய்க் கசிவும் போய்விடுமே?" என்று கேட்பீர்கள். கவலை வேண்டாம். வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகு மறுபடியும் சுற்றி வாருங்கள். புதிதாகக் கசிந்திருந்தால் சுத்தமான இரும்பில் பளிச்சென்று தெரியும்.

இரண்டு: "நாங்கள் வரும் வரை என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." இதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கையில் டார்ச் லைட், அளவு டேப், வெள்ளைத் துணி, ஒரு நோட்டு கொண்டு போங்கள். செயின் வண்டிகளில் பழகிய மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் உங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டும். விற்கிறவர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம்! அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு அல்ல.

பெயிண்டு ஏமாற்றும்

புதுப் பெயிண்டைக் கண்டால் மகிழ்ச்சி அடையாதீர்கள். சந்தேகப்படுங்கள்.

நேர்மையான விற்பனையாளரும் பெயிண்டு அடிப்பார். ஆனால், உடைந்த இடத்தை வெல்டிங் வைத்து, அதற்கு மேல் பெயிண்டு பூசி மறைக்கிறவர்களும் உண்டு. பிளேடைத் தாங்கும் 2 கைகளையும் பாருங்கள். அந்தக் கைகள் வண்டியோடு சேரும் மூட்டுகளைப் பாருங்கள். அடியில் குனிந்து, வண்டியின் சட்டத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கோணல்மாணலாக வெல்டிங் தழும்பு இருந்தால், ஒரு காலத்தில் அந்த இடம் உடைந்திருக்கிறது என்று பொருள். பெயிண்டில் முடி போன்ற கோடு ஓடினால், அடியில் இரும்பு விரிசல் விட்டிருக்கலாம்.

பிளேடின் அடி ஓரத்தில் போல்ட்டுப் போட்ட வெட்டுத் தகடு இருக்கும். மண்ணை வெட்டுவது அதுதான். தேய்ந்தால் மாற்றிவிடலாம். மாற்றாமலே ஓட்டினால் பிளேடே தேய்ந்துவிடும். வெட்டுத் தகடு போய், பிளேடையும் தின்றிருந்தால், இந்த வண்டியை எப்படி வைத்திருந்தார்கள் என்பது புரிந்துவிடும்.

மீட்டர் சொல்வது மெய்யா?

கார், பஸ்ஸுக்குக் கிலோமீட்டர் கணக்கு. புல்டோசருக்கு மணிக் கணக்கு. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்ட ஒரு மீட்டர் இருக்கும்.

மீட்டரை நம்பலாமா? நம்பலாம்; ஆனால், சாட்சி வேண்டும்! மீட்டர் கெட்டுப்போய் மாற்றியிருக்கலாம். வேண்டுமென்றே மாற்றியிருக்கவும் கூடும்.

சாட்சி எங்கே? டிரைவர் காலடியில் இருக்கிறது. மீட்டர் குறைந்த மணியைக் காட்டுகிறது. மிதிகட்டையோ தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. கைப்பிடி பளபளக்கிறது, ஸீட்டு கிழிந்து குழி விழுந்துவிட்டது. எது பொய் சொல்கிறது? மிதிகட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது!

இப்போது வருகிற புது மாடல்களில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஓடிய நேரமும் வந்த கோளாறுகளும் அதில் பதிந்திருக்கும். கம்பெனி ஏஜெண்டு மூலம் அதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் மாற்றிய கணக்கு, ரிப்பேர் பில் ஆகியவற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

காலில் இருக்கிறது பாதிப் பணம்!

இதுதான் முக்கியமான இடம். கவனமாகப் படியுங்கள்.

புல்டோசரின் வாழ்நாளில் ஆகும் ரிப்பேர் செலவில் ஏறக்குறைய பாதி அதன் காலுக்கே போகிறது என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. கால் என்றால் செயின் மட்டும் அல்ல. செயினை இழுக்கும் பல் சக்கரம், முன்னால் சும்மா சுற்றும் பெரிய சக்கரம், வண்டியின் எடையைத் தாங்கும் அடி ரோலர்கள், செயினைத் தூக்கிப் பிடிக்கும் மேல் ரோலர்கள், தரையில் பதியும் இரும்புத் தகடுகள் எல்லாம் சேர்ந்ததுதான் கால்.

வாங்குகிறவர்களில் பலர் என்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்கி நிற்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் குனிந்து காலைப் பாருங்கள்.

முதலில் பல் சக்கரத்தைப் பாருங்கள். மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரிதான்! புதுப் பல் அகலமாக, மழுங்கிய முனையோடு இருக்கும். தேயத் தேய, பல் மெலிந்து ஊசி முனையாகிவிடும். ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போலவும் ஆகிவிடும். பல் கூர்மையாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். கூர்மையான பல், கிழட்டுப் பல்!

பல் சக்கரம் மட்டும் புதிதாக மின்னுகிறதா? அப்போதும் எச்சரிக்கை. பழைய செயினில் புதுப் பல் சக்கரத்தை மாட்டினால் இரண்டும் சரியாகப் பொருந்தாது. புதுப் பல்லும் சீக்கிரம் தேய்ந்துவிடும். கண்ணைக் கவர்வதற்காக மாட்டியதா என்று விசாரியுங்கள்.

அடுத்து, தரையில் பதியும் தகடுகளின் வரம்பைப் பாருங்கள். தரையைப் பிடித்து நடப்பது அந்த வரம்புதான். அது தேய்ந்து மழுங்கியிருந்தால் வண்டி வழுக்கும். ரோலர்களில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பாருங்கள். எண்ணெய் வற்றிய ரோலர் சுற்றாது. சுற்றாத ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துவிடும்.

செயினை அளந்து பாருங்கள்

செயின் என்பது கண்ணிகளின் கோவை. கண்ணிகளைச் சேர்ப்பது பின் என்ற இரும்புக் கம்பி. அதைச் சுற்றிப் புஷ் என்ற குழாய். பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்ந்தால் ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் நீளும்.

நடுத்தர வண்டிகள் பலவற்றில் ஒரு கண்ணியின் நீளம் சுமார் 203 மில்லிமீட்டர். அப்படியானால் 4 கண்ணி சேர்ந்தால் சுமார் 812 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டும் வெறும் 3 மில்லிமீட்டர் நீண்டால் அது 824 ஆகிவிடும். 3 மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். ஒரு பக்கத்துச் செயினில் சுமார் 40 கண்ணிகள் உண்டு. 40 மூட்டும் 3 மில்லிமீட்டர் நீண்டால் மொத்தம் 12 சென்டிமீட்டர்! செயின் தொளதொளத்துவிடும்.

எவ்வளவு வரை தேயலாம் என்று கம்பெனி புத்தகத்தில் மாடலுக்கு மாடல் அளவு போட்டிருப்பார்கள். செயினை இறுக்கமாக நிறுத்தி, 4 கண்ணியை அளந்து, அந்த அளவோடு ஒப்பிட வேண்டும். இரண்டு பக்கத்தையும் அளக்க வேண்டும். உங்கள் மெக்கானிக்குக்கு இது அரை மணி நேர வேலை.

சில செயின்களில் மூட்டுக்குள்ளேயே எண்ணெய் அடைத்து மூடியிருப்பார்கள். இவற்றில் உள்ளே தேய்வது குறைவு. வெளிப்பக்கம் புஷ்தான் தேயும். ஆகவே, புஷ்ஷின் வெளிக் கனத்தையும் அளக்க வேண்டும். ஒரு மூட்டில் எண்ணெய் வற்றினால் அது மட்டும் உராய்ந்து சூடாகும். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, என்ஜினையும் அணைத்த பிறகு, மூட்டுகளின் அருகே கையைக் கொண்டு போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

விற்கிறவரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "புஷ் திருப்பியாகிவிட்டதா?" புஷ் ஒரு பக்கம்தான் தேயும். அதைக் கழற்றி மறு பக்கம் திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். புரட்டிப் போட்ட தோசை மாதிரி, ஒரு தடவைதான் திருப்பலாம். ஏற்கெனவே திருப்பியாகிவிட்டது என்றால் அடுத்த செலவு புதுச் செயின்தான்.

ஆறிய என்ஜின் பொய் சொல்லாது

இப்போது என்ஜினுக்கு வாருங்கள். ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொன்னோம் அல்லவா? காரணம் இதுதான். சூடான என்ஜின் சுலபமாகக் கிளம்பும். நோயுள்ள என்ஜின் ஆறிய நிலையில்தான் சிரமப்படும். அதனால் சிலர், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள்.

ஆயில் குச்சியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். டீசல் என்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது சாதாரணம். பால் கலந்த காப்பி போல இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அது பெரிய செலவு. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலும் அப்படித்தான்.

பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையைப் பாருங்கள். கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால், டீசல் அதிகமாகப் போகிறது. அல்லது காற்று போதவில்லை. நீலப் புகை வந்தால், என்ஜின் தன் ஆயிலையே எரிக்கிறது. ஆறிய என்ஜின் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை விட்டால் பயம் இல்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், டீசல் சரியாக எரியவில்லை; அல்லது உள்ளே தண்ணீர் புகுகிறது.

இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. மனிதனுக்கு ரத்தப் பரிசோதனை போல, எந்திரத்துக்கு ஆயில் பரிசோதனை! கொஞ்சம் ஆயிலை எடுத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினால், அதில் எவ்வளவு இரும்புத் தூள், செம்புத் தூள், மண் தூசி கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது என்பது, எந்திரத்தைப் பிரிக்காமலே தெரிந்துவிடும். பல லட்ச ரூபாய் வண்டிக்கு இது சிறிய செலவு. ஆனால், நேற்றுத்தான் ஆயில் மாற்றினார்கள் என்றால் இந்தச் சோதனையால் பயன் இல்லை.

தூக்கிப் பாருங்கள், ஓட்டிப் பாருங்கள்

பிளேடை மேலே தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். தூரத்தில் நின்று பாருங்கள். தானாகவே சரசரவென்று இறங்கினால் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பாகங்களில் கசிவு இருக்கிறது. தூக்கும் தண்டுகளில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு வேலை செய்யச் சொல்லுங்கள். வெறுமனே முன்னும் பின்னும் ஓட்டுவது சோதனை அல்ல. மண்ணைத் தள்ள வேண்டும். ஒரு பெரிய மண் மேட்டில் பிளேடை முட்டித் தள்ளச் சொல்லுங்கள். செயின் தரையில் வழுக்கிச் சுற்றினால் இழுவை இருக்கிறது. என்ஜின் உறுமியும் செயின் சுற்றாமல் நின்றுவிட்டால், என்ஜினுக்கும் காலுக்கும் நடுவே எங்கோ சக்தி வீணாகிறது.

வலப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இடப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சட்டென்று திரும்பி, மறு பக்கம் தயங்கினால் கோளாறு. சரிவில் நிறுத்தி பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். 15 டன் இரும்பு பிரேக் இல்லாமல் உருண்டால், தடுக்க யாராலும் முடியாது. டிரைவரின் தலைக்கு மேல் உள்ள பாதுகாப்புக் கூண்டை வெட்டி எடுத்திருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். வண்டி கவிழ்ந்தால் அவரைக் காப்பாற்றுவது அந்தக் கூண்டும் பெல்ட்டும்தான். அவர் வீட்டிலும் குழந்தைகள் காத்திருப்பார்கள்.

உஷார்! உஷார்!

சோதனை செய்யப் போய் உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ளக் கூடாது. இந்த 4 விஷயங்களை மறக்காதீர்கள்.

தூக்கிய பிளேடின் கீழே தலையையோ காலையோ நீட்டாதீர்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

ஹைட்ராலிக் குழாயில் கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். ஊசித் துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறிய புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகிவிடும். அப்படி நடந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டையைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

செயினை இறுக்கும் இடத்தில் மிகுந்த அழுத்தத்தில் கிரீஸ் அடைத்திருக்கும். அந்தத் திருகின் முன்னால் முகத்தை வைக்காதீர்கள்.

டிரைவரிடம் பேசுங்கள்

வண்டியின் ஜாதகம் முதலாளிக்குத் தெரிவதை விட டிரைவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாகப் பேசுங்கள். "அண்ணே, இந்த வண்டியில் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்? எந்த வேலையில் அதிகம் ஓடியது?" என்று கேளுங்கள்.

எங்கே ஓடியது என்பது முக்கியம். மணலில் உழைத்த வண்டிக்குக் கால் சீக்கிரம் தேயும். கல் குவாரியில் உழைத்த வண்டிக்குச் சட்டமும் ரோலர்களும் அடிபட்டிருக்கும். கடற்கரைப் பக்கம் நின்ற வண்டியை உப்பு அரித்திருக்கும். மிருதுவான வயல் மண்ணில் ஓடிய வண்டிக்குக் கால் நன்றாக இருக்கும்.

காகிதமும் கணக்கும்

வண்டி பிடித்துவிட்டது. உடனே பணத்தை எடுக்காதீர்கள். வண்டியில் தகட்டில் பொறித்த நம்பரும், பில்லில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். நம்பரைச் சுரண்டிய அடையாளம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வண்டி மேல் பாங்கிக் கடனோ நிதிக் கம்பெனிக் கடனோ இல்லை என்பதற்கு எழுத்து மூலமாகச் சான்று வாங்குங்கள். வாய்ச் சொல் போதாது. அந்த மாடலுக்கு உதிரிப் பாகம் இப்போது கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

பிறகு கணக்குப் போடுங்கள். இதோ ஓர் உதாரணம். புரிவதற்காகச் சொல்லும் எண்கள் இவை. சந்தை விலை அல்ல.

முதல் வண்டிக்கு 20 லட்சம் கேட்கிறார்கள். கால் முழுவதும் மாற்ற 6 லட்சம். ஹைட்ராலிக் வேலைக்கு 1 லட்சம். பின்பக்கக் கியர் கசிவைச் சரி செய்ய 1 லட்சம். லாரியில் ஏற்றி வர 50 ஆயிரம். மொத்தம் 28½ லட்சம்!

இரண்டாவது வண்டிக்கு 24 லட்சம் கேட்கிறார்கள். காலும் என்ஜினும் நன்றாக இருக்கின்றன. சில்லறை வேலைக்கு 1 லட்சம். ஏற்றி வர 50 ஆயிரம். மொத்தம் 25½ லட்சம்.

எது மலிவு? 4 லட்சம் குறைவாகக் கேட்ட வண்டி, 3 லட்சம் அதிகமாக இழுத்துவிடுகிறது! ரிப்பேருக்காக வண்டி நிற்கும் நாட்களின் நஷ்டம் வேறு. ஆகவே, விற்கிறவர் சொல்வது விலை அல்ல. வண்டி வேலைக்கு இறங்கும் நாள் வரை ஆகும் செலவுதான் விலை.

நோட்டில் எழுதிய குறைகளையும் இந்தக் கணக்கையும் விற்கிறவர் முன்னால் வைத்துப் பேசுங்கள். "கொஞ்சம் குறையுங்கள்" என்று கெஞ்ச வேண்டியது இல்லை. செயினில் எத்தனை மில்லிமீட்டர் போயிருக்கிறது என்று சொன்னால், பேச்சின் தோரணையே மாறிவிடும். ஆனால், பிரேக், சட்டத்தில் விரிசல், காகிதத்தில் வில்லங்கம் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் விலையைக் குறைத்தாலும் வாங்காதீர்கள்.

அன்றைக்கே அட்வான்ஸ் கொடுக்கவும் வேண்டாம். நோட்டை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். யாருடைய நகையை வைத்து வாங்கப் போகிறீர்களோ, அவரிடம் படித்துக் காட்டுங்கள். எந்திரம் தெரியாவிட்டாலும் அவருக்குக் கணக்குத் தெரியும். "கால் போன வண்டிக்கு என் வளையல் எதற்கு?" என்று அவர் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

நாலு வண்டி பார்த்து, மூன்றை வேண்டாம் என்று விடலாம். பார்க்கப் போன பஸ் செலவு நஷ்டம் அல்ல. பார்க்காமல் வாங்குவதுதான் நஷ்டம்!